முட்டைக் கடிகாரம்

கல்யாணம் வைத்திருக்கும் பெண் பத்திரிகையோடு வருவாள். திவ்யா பென்டிரைவோடு வந்தாள்.

மதுரை அரசரடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது இன்பசேகரனின் அலுவலகம். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியிருந்தார். போன வருடம் மனைவி ஆன்சி இறந்ததும் அலுவலகத்தை மூடிவிடத்தான் இருந்தார். ஆன்சியின் தங்கை ஆஷ்லின் சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாளே உதவியாளராக வந்து உட்கார்ந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

திவ்யாவின் ஊர் பேரையூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அழகர்கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். குழந்தை பிடித்து இழுக்கிறது என்று அம்மா அழகம்மாள் தன் காசுமாலையைக் கழற்றி, தங்கியிருந்த மண்டபத்து அறையில் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். சாயங்காலம் பெட்டி இருந்தது, மாலை இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது கல்யாணத்தில் பெரிய திரையில் காட்டலாம் என்று அந்தக் காதுகுத்து கேசட்டை எடுத்தார்கள். வீட்டில் டெக் இல்லாததால் அதுவரை யாரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. சித்தப்பா அழகுபாண்டிதான் மதுரைக்குக் கொண்டுபோய், ஸ்டுடியோவில் கூடவே உட்கார்ந்து பென்டிரைவில் ஏற்றி வந்தார். வீடே உட்கார்ந்து பார்த்தது. சீர்த்தட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டே போகும் கேமரா, ஒரு நொடி அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட தடித்த ஆள் ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்து மாலையை உருவி மடியில் செருகுகிறார்.

"எங்க வீட்டுல அன்னைக்கும் இன்னைக்கும் குண்டு ஆளுன்னா வெள்ளைத்துரை மாமாதான். அம்மாவோட அண்ணன். எல்லாரும் ஒரே நேரத்துல அவரைத் திரும்பிப் பாத்தாக" என்றாள் திவ்யா.

பதினெட்டாம்படிக் கருப்பசாமி வாசலில் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார் அவள் அப்பா விருமாண்டி. மாமா மறுத்துவிட்டார். செய்யாத காரியத்துக்குச் சாமியை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. திவ்யா கட்டிக்கொள்ளப் போவது ஜூடு என்கிற மிஷன் பள்ளி வாத்தியாரை. கிறிஸ்தவப் பையனுக்குப் பெண் கொடுக்க விருமாண்டியைச் சம்மதிக்க வைத்தவரே மாமாதான். சித்தப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இப்போது, திருடன் பேச்சைக் கேட்டா இந்தச் சம்பந்தம் என்று பேச்சு திரும்பியிருந்தது.

"தாய்மாமன் சீர் இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன். ஜூடைத் தவிர ஒருத்தருக்குக் கழுத்த நீட்டவும் மாட்டேன். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கன்னு எவரும் எங்கிட்ட வரக் கூடாது" என்றாள் திவ்யா. குரல் உயரவில்லை. பென்டிரைவை மேசையில் வைத்த விதம்தான் சத்தமாக இருந்தது.

இன்பசேகரன் படத்தைப் போட்டார். திரை முழுக்க, விளிம்புக்கு விளிம்பு நிறைந்திருந்தது படம். ஆஷ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மொட்டையடித்த குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட்டது. வெள்ளைத்துரை பெஞ்சில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விருமாண்டி, நேர்த்திக்கடனுக்காக அவரும் மொட்டை. பின்னால் நின்று ஓர் ஒல்லி ஆள் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தலை தெரியவில்லை. நின்றவர்கள் யாருக்குமே தலை தெரியவில்லை.

"கேமராக்காரர் தூங்கிட்டாரா அத்தான்? ஆளுக எல்லாம் கழுத்தோட நிக்கிறாக" என்றாள் ஆஷ்லின்.

அவர் அறைக் காட்சிக்குப் போனார். தடித்த முதுகு. தலை நிறைய முடி. பெட்டிக்கு மேலே சுவர்க் கடிகாரம், முழுசாகத் தெரிந்தது. இன்பசேகரன் அங்கே படத்தை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

"அந்த அறைக்குள்ள யாரெல்லாம் போகலாம்?"

சாவி மூன்று ஆண்களிடம்தான் மாறி மாறி இருந்ததாக அம்மா சொல்வாள் என்றாள் திவ்யா. அப்பா, மாமா, சித்தப்பா. மொட்டை எப்போது அடித்தார்கள் என்று கேட்டார். காலையில் வந்து இறங்கியதும் முதல் காரியமே அதுதான். மாலையைக் கழற்றியது அதற்கப்புறம். கேசட் எங்கே என்று கேட்டார். பூஞ்சை பிடித்துவிட்டது என்று சித்தப்பா தூக்கிப் போட்டுவிட்டார்.

"நாளைக்கு வாரோம். எல்லாரும் இருக்கட்டும்" என்றார் இன்பசேகரன்.

மறுநாள் பேரையூர்ச் சாலையில் ஆஷ்லின்தான் காரை ஓட்டினாள். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சீர்த்தட்டு எல்லாம் நீளவாக்குல இருந்துச்சு. அதையா பாத்தீங்க?"

"தட்டு தரையில கிடக்கு. சாய்வாப் பாத்தா எந்தத் தட்டும் அப்படித்தான் தெரியும். கடிகாரம் நம்மளை நேராப் பாக்குது."

அவள் யோசித்தாள். அந்தக் கடிகாரம் வட்டமாக இல்லை. படுக்க வைத்த முட்டை மாதிரி இருந்தது. அவளும் பார்த்தாள்தான், ஆனால் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிப் பட்டுச்சு?"

இன்பசேகரன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆன்சி வீடியோ ஒண்ணை டிவில போட்டேன். முகம் அகலமா இருந்துச்சு. அவ முகம் எனக்குத் தெரியும்."

ஆஷ்லின் கியரை மாற்றினாள்.

வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். விருமாண்டி நாற்காலியில். அழகம்மாள் தூணோரம். சித்தப்பா அழகுபாண்டி, தொந்தி மேல் கைகோத்தபடி சோபாவில். வெள்ளைத்துரை படியேற மறுத்து, வாசலில் தன் மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தார். திவ்யா கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றாள்.

ஆஷ்லின் தன் கணினியை டிவியில் இணைத்தாள். இன்பசேகரன் மெதுவாகத் தொடங்கினார்.

"இது பழைய கேசட். அந்தக் காலத்து டிவி கிட்டத்தட்டச் சதுரம், இப்ப இருக்கிற டிவி அகலம். அதனால பழைய படத்தைப் போட்டா ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். பட்டையை எடுக்கணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, படத்தைப் பெருசாக்கி மேலயும் கீழயும் வெட்டுறது. அப்ப ஆள் தடிக்க மாட்டாரு, தலைதான் போகும். இன்னொண்ணு, படத்தைப் பக்கவாட்டுல இழுக்கிறது. தலை இருக்கும், ஆள் தடிச்சுப் போவாரு. இந்தப் படத்துல காதுகுத்து முழுக்க வெட்டியிருக்கு. அறை மட்டும் இழுத்திருக்கு."

"ஏன் அப்படி?" என்றார் விருமாண்டி.

"மடியில குழந்தையோட இருக்கிற வெள்ளைத்துரை நிஜமான பருமன்ல தெரியணும். பெட்டிகிட்ட நிக்கிற ஆளும் அதே பருமன்ல தெரியணும். அப்பத்தான் ரெண்டு பேரும் ஒருத்தர்னு தோணும்." அவர் ஆஷ்லினைப் பார்த்தார். "கடிகாரத்தை வட்டமாக்கு."

ஆஷ்லின் படத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே தள்ளினாள். முட்டை சுருங்கியது. கடிகாரம் வட்டமானபோது நிறுத்தினாள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்ற முதுகு ஒடுங்கி, சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு குத்திக்கொண்டு நின்றது.

"அந்தக் கடிகாரமே முட்டை மாதிரிதான் இருந்துச்சோ என்னமோ. யார் கண்டா?" என்றார் அழகுபாண்டி.

"இருக்கலாம். ஆனா நாங்க கடிகாரத்தை மட்டும்தான் சரி பண்ணினோம். ஓரத்தைப் பாருங்க."

படத்தின் இரு பக்கமும் கருப்புப் பட்டைகள் திரும்பி வந்திருந்தன. நடுவில் மிஞ்சியது, அச்சு அசலாகப் பழைய டிவியின் வடிவம். ஆஷ்லின் அளந்து காட்டினாள்.

"முட்டைக் கடிகாரமா இருந்திருந்தா இம்புட்டுச் சரியா வந்து நிக்காது" என்றார் இன்பசேகரன். "சாவி மூணு பேர் கையில இருந்துச்சு. விருமாண்டி அண்ணன் அன்னைக்குக் காலையிலயே மொட்டை; இந்த ஆளுக்குத் தலை நிறைய முடி. வெள்ளைத்துரை அண்ணன் பெஞ்சுல பாதி. இந்த ஆள் ஒல்லி. மிச்சம் ஒருத்தர். அம்மா, குடை புடிச்சது யாரு?"

அழகம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க கொழுந்தன்தான். அப்ப ஒட்டடைக்குச்சி கணக்கா இருப்பாக. இப்ப இருக்கிற உடம்பையே பாத்துப் பாத்து எனக்கு அது மறந்தே போச்சே."

"கேசட்டை மாத்திக் கொண்டு வந்ததும் அவர், தூக்கிப் போட்டதும் அவர்" என்றாள் ஆஷ்லின். "ஆனா அத்தான், அந்த இடத்தை வெட்டி எறிஞ்சிருக்கலாமே?"

"எறிஞ்சிருந்தா களவு மட்டும்தான் மறைஞ்சிருக்கும். கல்யாணத்தை நிறுத்தியிருக்க முடியாது."

அழகுபாண்டி எழுந்தார். அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார். "ஆமா. உம் மச்சான் பேச்சைக் கேட்டு ஒரு வேதக்காரப் பயலுக்குப் புள்ளையக் குடுக்கப் போற. அதைப் பாத்துட்டு நான் சும்மா இருக்கணுமா?"

"எம் மாலையைக் களவாண்டு எம் பொறந்தவன் தலையில கட்டுனது, எம் புள்ளைக்காகவா?" என்று கேட்டாள் அழகம்மாள். அழகுபாண்டி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போனார்.

விருமாண்டி வாசலுக்கு வந்தார். வெள்ளைத்துரை இறங்கவில்லை.

"மச்சான்... கருப்பன் வாசல்ல சத்தியம் பண்ணச் சொன்னீகல்ல. இப்பப் போவமா? வண்டியில பெட்ரோல் கெடக்கு."

விருமாண்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றார். வெள்ளைத்துரை அவரை நன்றாக நிற்க விட்டார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"சீர் கொண்டு வாரேன். மேளத்தோட, முன்னால வாரேன். நீங்க கூப்பிட்டதுக்காக இல்ல. எம் மருமக கல்யாணம்."

திவ்யா அப்போதும் அழவில்லை. உள்ளே வந்து டிவி முன்னால் நின்றாள். ஆஷ்லின் காதுகுத்துக் காட்சியையும் கல்யாணத் திரைக்காகச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிப்போட்ட தலைகள் இந்தப் படத்திலிருந்து திரும்பி வராது. அறைக் காட்சி ஒன்றுதான் முழுசு. கல்யாணத்துக்குக் காதுகுத்தை மட்டும் காட்டலாம், கருப்புப் பட்டையோடு நிற்கும் அந்தத் துண்டை எடுத்துவிடவா என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாள் திவ்யா. "அம்புட்டுப் பேரும் பாக்கட்டும். அந்தப் பட்டையில மட்டும் யாரும் கைய வைக்காதீக."