மூன்று இழுப்பு

அந்தப் பழைய குடியிருப்புக்கு நானும் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற வேலை. போன வருஷம் என் கணவர் மூச்சுமுட்டிச் செத்தது இதே தொட்டியில்தான்.

அன்று மேலே நின்று கயிறு பிடித்தவர் அண்ணன். இன்று அவர் இறங்க, நான் பிடிக்கிறேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் வேலையில் இறங்குபவர் இடுப்பில் கட்டிய கயிறுதான் பேசும். ஒரு இழுப்பு என்றால் வாளியைத் தூக்கு. மூன்று என்றால் ஆளைத் தூக்கு. மேலே நிற்பவர் கயிற்றைக் கையில்தான் சுற்றிக்கொள்ள வேண்டும். வேறெதிலாவது கட்டிவிட்டுப் போனால் உள்ளே இருப்பவர் இழுப்பது யாருக்கும் தெரியாது.

“ஒரு இழுப்புகூட வரலம்மா” என்று அண்ணன் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். நம்பினேன். கூடப் பிறந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

இறங்கும்போது, மோட்டார் பக்கம் மட்டும் போகாதே என்றார். அப்படிச் சொன்னால் பார்க்காமல் இருக்க முடியுமா? கயிறும் கையுமாக எட்டிப் பார்த்தேன்.

மோட்டாருக்குப் பின்னாலிருந்த குழாயைச் சுற்றி ஒரு நீலக் கயிற்று வளையம். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அவிழ்க்க வராமல் கத்தியால் அறுத்திருக்கிறார்கள்.

என் கையிலிருந்ததும் நீலக் கயிறு. அதன் நுனியும் அறுபட்டிருந்தது.

முடிச்சு தானாக அப்படி இறுகாது. என் கணவர் இழுத்திருக்கிறார். இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

தொட்டி வாயில் குனிந்தேன். “அண்ணே, அன்னைக்கு ஏன் கயித்தைக் குழாயில கட்டின?”

உள்ளே தேய்க்கும் சத்தம் நின்றது. ஈர நாற்றம் முகத்தில் அடித்தது.

“ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்னு... அஞ்சு நிமிஷம்தான்மா.”

கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

அப்போது கயிறு அசைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அழுதுகொண்டே இழுத்தேன். வெளிக்காற்று பட்டதும் ஏணிக் கம்பியைப் பிடித்துத் தடுமாறி மேலே வந்து விழுந்தார் அண்ணன். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“நல்லவேளை தூக்கின. தலை சுத்தி உக்காந்துட்டேன், கையை அசைக்கவே முடியல.”

“நீதானே மூணு தடவை இழுத்த?”

“நான் இழுக்கலம்மா.”

இடுப்பிலிருந்து அவர் அவிழ்த்துப் போட்ட கயிறு சரிந்து தொட்டிக்குள் போனது. மறுநுனி என் கையில்தான் இருந்தது.

மூன்று இழுப்பு.

நான் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன்.