சத்தம் போடாத பாட்டில்

காலை 8.20. ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியைத் திறந்து மூன்றாவது பாட்டிலை எடுத்த கிருமிப் பிரிவு அம்மா அப்படியே நின்றுவிட்டார். மூடியின் மேல் ஒட்டிய காகித முத்திரை சுருங்கிப்போய், கையெழுத்தின் மை கசிந்திருந்தது.

8.35க்குச் சுகாதாரத் துறையின் அரசு வக்கீல் வந்து சேர்ந்தாள். வீட்டில் அவளுக்கு வேறு பெயர். பெரிய கம்பெனிகளுக்கு வாதாடிக் கார் மேல் கார் வாங்கிய அண்ணன், அவளைக் 'காய்ச்சல் வக்கீல்' என்றுதான் கூப்பிடுவான். சொந்தக்காரர்கள் முன்னால் அவன் அப்படிச் சொல்லும்போது அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

இன்று சிரிக்கிற நேரமில்லை. ஒரு குடிநீர் நிறுவனத்தின் கேன் தண்ணீரைக் குடித்த பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆலையைப் பூட்டிவைத்த உத்தரவு நண்பகலோடு முடிகிறது. மாதிரிகள் முறைப்படி ஆய்வில் இருக்கின்றன என்று பதினோரு மணிக்கு நீதிபதி முன் காட்டினால்தான் அது நீளும். நேற்று மாலை ஆலையில் எடுத்தவை மூன்று: கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கேனில் நிரப்பும் குழாயின் தண்ணீர். கெட்டுப்போயிருந்தது அந்த மூன்றாவதன் முத்திரை.

மாதிரி எடுத்த சுகாதார ஆய்வாளர் ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"முத்திரை ஒட்டினது யாரு சார்?"

"நான்தான் மேடம்."

"ஐஸ்ல நனஞ்சுதா?"

"இல்ல மேடம். மூணையும் ஒரே பிளாஸ்டிக் பையில கட்டித்தான் ஐஸ்ல வச்சேன். அஞ்சரைக்கு இங்க ஒப்படைச்சுட்டுக் கையெழுத்து வாங்கினேன். முப்பது வருஷத்துல என் முத்திரையப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

குளிர்பெட்டி இருக்கும் அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று கிருமிப் பிரிவு அம்மாவிடம், இன்னொன்று வேதியியல் பிரிவு கெமிஸ்டிடம். கெட்ட முத்திரையுள்ள பாட்டிலைத் தொடமாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். கெமிஸ்ட் தாராள மனசுக்காரர். ஐஸ் தண்ணி பட்டிருக்கும், இதைப் பெரிசு பண்ணாமல் பிரித்து ஆய்வு செய்துவிடலாமே என்றார்.

இரண்டும் ஆபத்து. முத்திரையைக் காரணம் காட்டி ஒதுக்கினால் பூட்டு இன்றே திறக்கும், பழி ஆய்வாளர் தலையில் விழும். பிரித்துப் பார்த்து, உள்ளே யாரோ மாற்றி ஊற்றிய நல்ல தண்ணீர் இருந்தால், நாளை நிறுவனத்துக்குக் கையில் நற்சான்றிதழே கிடைத்துவிடும்.

வக்கீல் மூன்று பாட்டில்களையும் தட்டில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். நடக்க நடக்க இரண்டு பாட்டில்கள் சளக் சளக்கென்றன. மூன்றாவது வாயே திறக்கவில்லை. அவள் நின்றாள். மறுபடி நாலடி நடந்து பார்த்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வெயிலென்றும் சாக்கடையென்றும் பாராமல் ஆய்வாளர்கள் பின்னாலேயே சுற்றியவள் அவள். வக்கீலுக்கு எதுக்கு இந்த வேலை என்று ஆபீஸே சிரித்தது.

9.25. மூன்று காலி பாட்டில்களை வரவழைத்தாள்.

"ஆளுக்கு ஒரு பாட்டில் குழாய்த் தண்ணி பிடிச்சுக் குடுங்க. ஃபைலுக்கு வேணும்."

ஆய்வாளர் பிடித்தார். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டுக் கை தானாக நின்றது. அம்மாவின் கையும் அதே இடத்தில் நின்றது. கெமிஸ்ட் விளிம்பு வழிய வழியப் பிடித்தார். பாட்டிலின் பக்கவாட்டில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் கடைசிக் குமிழியையும் விரட்டிவிட்டு, மூடியைத் திருகி நிமிர்ந்தார். எல்லாரும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிருமி பாக்குற தண்ணிய நல்லா குலுக்கணும். அதுக்கு இடம் விட்டுத்தான் பிடிப்பாங்க. சாரும் அம்மாவும் தூக்கத்துலகூட அப்படித்தான் பிடிப்பாங்க. தண்ணியில கரைஞ்ச வாயுவ அளக்குறவங்களுக்குத்தான் ஒரு குமிழிகூட ஆகாது. இந்த மூணாவது பாட்டில்ல குமிழியே இல்ல சார்," என்றாள் வக்கீல் கெமிஸ்டிடம்.

"பாட்டில ரொப்புறது ஒரு குத்தமா?" என்றார் கெமிஸ்ட்.

"இல்ல. ஒரே பையில வந்த மூணுல ஒண்ணு மட்டும் எப்படி நனஞ்சுது? ஆவி காட்டி உரிச்சீங்களா?"

கெமிஸ்ட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமைப் பதவி தருவதாகச் சொன்னதாம். நேற்று ஆறு மணிக்குக் கெட்டில் ஆவியில் முத்திரையை உரித்து, தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டி, சுத்தமான தண்ணீரை நிரப்பி மறுபடி ஒட்டினாராம். இருபது வருஷப் பழக்கம் கையில் இருந்தது அவருக்கே தெரியவில்லை. 9.50க்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

11.00. நிறுவனத்தின் பக்கம் ஐந்து வக்கீல்கள். ஒரு பாட்டிலைப் பத்திரமாக வைக்கத் தெரியாத துறை என்று மூத்தவர் ஏளனமாக ஆரம்பித்தார். அவள் தனியாக எழுந்தாள். கெமிஸ்டின் ஒப்புதல் வாக்குமூலத்தை மேசையில் வைத்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிக் காட்டினாள். மூன்றாவது சத்தமே போடவில்லை.

பூட்டு நீண்டது. இன்று மதியமே, நீதிமன்ற அலுவலர் முன்னிலையில், புதிதாக மாதிரி எடுக்கச் சொன்ன நீதிபதி, யார் எடுப்பார்கள் என்று கேட்டார்.

"அதே ஆய்வாளர்தான், ஐயா. அவர் கை எங்க நிக்கும்னு எங்களுக்குத் தெரியும்."

பின்வரிசையில் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவரை நினைத்துப் பெருமை, தன் துறையை நினைத்துப் பெருமை. தன்னை நினைத்தும்தான், அதில் என்ன வெட்கம்?

படியிறங்கும்போது செல்போன் அடித்தது. அண்ணன்.

"என்ன, காய்ச்சல் வக்கீலா?"

"ஆமா, காய்ச்சல் வக்கீல்தான் பேசறேன். சட்டுனு சொல்லு. ஆஸ்பத்திரியில என் கட்சிக்காரங்க நாப்பத்தோரு பேர் காத்திருக்காங்க."