நூற்றிருபது பிறப்பும் இருநூறு ஊசியும்

கற்பகம் படியேறி வந்தபோது யூசுப் முறத்தில் கப்பைக் கிழங்கை வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கப் புள்ளிவிவரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கொச்சியில் தமிழர் நிறைந்த கொச்சங்காடியில் சைக்கிள் களவுபோனாலும் சரி, மாப்பிள்ளை காணாமல்போனாலும் சரி, போலீசுக்குப் போகுமுன் ஜனங்கள் ‘இக்கா’ என்று அண்ணன் முறை சொல்லி அவரிடம்தான் வருவார்கள். அவர் யாரையும் துரத்திப் பிடித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கேள்வி கேட்பார். துரத்துகிற வேலைக்கு ஆட்டோ ஓட்டும் மாரிச்செல்வம் இருந்தார். ஐம்பது வயதாகியும் அவசரம் குறையாத மனிதர். எந்த வழக்கிலும் முதல் சாயா ஆறுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். இதுவரை ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை.

கற்பகம் அந்தப் பகுதியின் ஆஷா பணியாளர். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, தடுப்பூசிக்கு நாள் சொல்லி அழைத்துவருவது பதினோரு வருடமாக அவள் வேலை.

“இக்கா, என்னை எடுத்துடப் போறாங்க,” என்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

சுகாதார நிலையப் பொறுப்பாளர் நீலகண்டன் கையெழுத்திட்ட நோட்டீஸ். அவள் பகுதியில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், போன வருடம் ஆயிரம் பிறப்புக்குப் பத்து. இந்த வருடம் இருபத்தைந்து. சனிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் பொறுப்பு வேறொருவருக்குப் போகும்.

“வேலை போனா வேற பாத்துக்குவேன். சுள்ளிக்கல் தெருவுல ஒரு பொண்ணு, ‘நீங்க தொட்ட குழந்தை தங்காதாமே அக்கா’ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டா. இனி எவ என் பேச்சை நம்பி ஊசிக்கு வருவா?” அவள் அழவில்லை. ஆனால் குரல் அழுது முடித்த குரலாக இருந்தது.

“பிராட்வே கடைத்தெருவுல மலிவா ஒரு பால்மாவு விக்கிறான், இக்கா,” என்றார் மாரிச்செல்வம். “நான் அப்பவே நினைச்சேன். அவனைத் தூக்கினா எல்லாம் வெளிய வரும்.”

“இருப்பா.” யூசுப் கத்தியைக் கீழே வைத்தார். “எத்தனை குழந்தைம்மா போச்சு?”

“மூணு. போன வருஷம் ரெண்டு. அதுக்கு முந்தி மூணு.”

“ரெண்டு மூணாச்சுன்னா, பத்து பதினஞ்சாகணும். இருபத்தஞ்சு எப்படி ஆச்சு?”

கற்பகம் நோட்டீஸை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

“வருஷா வருஷம் இந்தக் கணக்கைப் போடறது யாரு?”

“கிளார்க் வெங்கிடேஸ்வரன் சார். மார்ச் மாசம் என் ஊசி நோட்டை வாங்கிட்டுப் போவாரு. அவர் ரிட்டயர் ஆயிட்டாரு. இந்தத் தடவை யாரும் நோட்டைக் கேக்கலை. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காம்.”

யூசுப் இரண்டு பொருள் கேட்டார்: அவளுடைய ஊசி நோட்டு, அந்த வருடத்துப் பிறப்புப் பதிவின் நகல். மறுநாள் இரண்டும் வந்தன. காலை முழுக்கப் பென்சிலும் கையுமாக இருந்தார். மாரிச்செல்வம் மூன்று சவாரி முடித்து வந்து எட்டிப் பார்த்தார்.

“பதிவுல பிறந்தது நூத்தி இருபது. நோட்டுல ஊசிக்கு எழுதின குழந்தை இருநூறு,” என்றார் யூசுப்.

“கள்ள நோட்டா? கற்பகமா? சே, இருக்காது இக்கா.”

“இருக்காதுதான். ஊசி மருந்து எண்ணித்தான் வருது. இன்னொண்ணு பாரு. பதிவுல ஒவ்வொரு பிறப்புக்கும் நேரா இது எத்தனையாவது குழந்தைன்னு ஒரு கட்டம் இருக்கு. தமிழ்ப் பேர் உள்ள தாய்மாருக்கு நேரா ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு. ஒண்ணுன்னு தேடித்தான் பிடிக்கணும். வண்டியை எடு.”

இறந்த மூன்று குழந்தைகளில் ஒன்று மாயம்மாளுடையது. கட்டட வேலைக்காரர் மனைவி. ஒற்றை அறை வீடு. குழந்தை நிமோனியாவில் ஐந்தாம் மாதம் போயிருந்தது. யூசுப் மரணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பிள்ளைக்கு என்னம்மா பேர் வச்சீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“மகிழன்,” என்றாள் மாயம்மாள். அந்தப் பெயரை அவளிடம் யாரும் கேட்டு வெகுநாளாகியிருக்க வேண்டும். கேட்காமலேயே டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து யூசுப்பிடம் கொடுத்தாள். மாரிச்செல்வம் தோளுக்குப் பின்னாலிருந்து வாய்விட்டு வாசித்தார்.

திரும்பும் வழியில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “இருபது வருஷமா இங்க இருக்கேன், இக்கா. ஒரு சர்க்கார் காகிதத்தை எம் பொண்ணு உதவி இல்லாம நானே வாசிச்சது இன்னிக்குத்தான்.”

“அதேதான்,” என்றார் யூசுப். “ஏன்னு யோசி. உன் மூத்த பொண்ணு எங்க பொறந்தா?”

“சங்கரன்கோவில்ல. எம் பொண்டாட்டி அம்மா வீட்டுல.” ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாரிச்செல்வம் அப்போதும் பால்மாவுக்காரனை விடுவதாக இல்லை.

சனிக்கிழமை காலை சுகாதார நிலையத்தில் நான்கு நாற்காலி போட்டார்கள். நீலகண்டன் பாலக்காட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. எண் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

“சார், உங்க கணக்குல ஒரு அதிசயம் இருக்கு,” என்று தொடங்கினார் யூசுப். “இறந்த மூணு பேர்ல ரெண்டு பேருக்கு உங்க பதிவுல பிறப்பே இல்லை. பிறக்காதவங்க எப்படி சார் இறப்பாங்க?”

நீலகண்டன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். “விட்டுப்போயிருக்கும், கேட்டோ,” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

“ஒண்ணும் விட்டுப்போகலை. பிறந்த இடத்துல பதிஞ்சாச்சு. மாயம்மாள் பிள்ளையோட சான்றிதழ் மலையாளத்துல இல்லை, தமிழ்ல இருக்கு. எங்க தமிழ் ஆளுங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. தலைச்சன் பிரசவம்னா ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. மலையாளிப் பொண்ணும் போவா, ஆனா அவ தாய்வீடு பக்கத்துத் தெரு. எங்க பொண்ணுக்குத் தாய்வீடு மலைக்கு அந்தப் பக்கம். பிறப்பு அங்க எழுதப்படும். மூணாம் மாசம் குழந்தையோட இங்க வருவா. குழந்தை போச்சுன்னா அது இங்க எழுதப்படும். வகுக்கறப்போ மேல இருக்கற இறப்புல எல்லாரும் இருக்காங்க. கீழ இருக்கற பிறப்புல எண்பது பேர் இல்லை.”

“போன வருஷமும் அதுதானே வழக்கம்?”

“போன வருஷம் வரைக்கும் வெங்கிடேஸ்வரன் கற்பகத்தோட நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார். இந்த வருஷம் நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்துப் போட்டீங்க. ரெண்டும் ரெண்டு படி. ஒண்ணுல அளந்த நெல்லை இன்னொண்ணுல அளந்தா கூடக் குறையத்தான் வரும். பழைய படியிலேயே அளங்க. இருநூறுக்கு மூணு, ஆயிரத்துக்குப் பதினஞ்சு. போன வருஷத்தைவிட ஒரே ஒரு குழந்தை கூட. ஒரு சாவுக்கே அஞ்சு ஏறுற சின்ன இடத்துல, ஒத்தை வருஷத்தை வச்சு யாரையும் தூக்கில போடக் கூடாது.”

மாரிச்செல்வம் பால்மாவுக்காரனை மனதுக்குள் விடுதலை செய்தார். நீலகண்டன் மறுபடி ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டு, “கற்பகம், எனக்குத் தெற்றிப்போச்சு, தப்பு என்னுதுதான். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கறேன். தெருவிலும் சொல்லச் சொல்றேன்,” என்றார்.

கற்பகம் எழுந்திருக்கவில்லை.

“சார், என் நோட்டும் சரியில்லை.”

“கற்பகம்,” என்றார் மாரிச்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஜெயிச்சாச்சு. எந்திரி.”

“இங்க வந்து சேர்ந்த குழந்தையைத்தான் நான் எழுதறேன். வராத குழந்தையை எந்தப் பக்கத்துல எழுதுவேன்? இந்த வருஷம் ரெண்டு பேர் இங்கேருந்து வயித்தோட போனாங்க. வெறுங்கையோட வந்தாங்க. ஒண்ணு ஒம்பது நாள், ஒண்ணு இருபது நாள் இருந்துச்சாம். அங்க உள்ள நர்சம்மாவுக்கு அவங்க கொச்சிக்காரங்க. எனக்கு அவங்க ஊருக்குப் போனவங்க. நடுவுல அஞ்சு மாசம் அவங்களைப் பாக்க ஆள் கிடையாது. முந்தின வருஷங்கள்லயும் உண்டு. பேர் சொல்றேன், எழுதிக்குங்க.”

இந்த வழக்கில் யூசுப் தவறவிட்ட தடயம் இதுதான். இரண்டு காகிதங்களை ஒப்பிட்டவர், இரண்டிலும் இல்லாதவர்களைத் தேடவில்லை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

“சேர்த்தா எவ்வளவு வரும், இக்கா?” என்று கற்பகம் கேட்டாள்.

யூசுப் மெதுவாக வகுத்தார். “இருநூத்தி ரெண்டுக்கு அஞ்சு. ஆயிரத்துக்கு இருபத்து நாலே முக்கால்.”

கிட்டத்தட்ட நோட்டீஸில் இருந்த அதே இருபத்தைந்து. தப்பான வழியில் போன நீலகண்டன் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருந்தார். பழைய வருடங்களையும் இப்படித் திருத்தினால் அவையும் ஏறும். விகிதம் இந்த வருடம் ஏறவில்லை, அது ஒருபோதும் தாழ்ந்திருக்கவே இல்லை. கற்பகம் தன் கையாலேயே தன் எண்ணை உயர்த்திக்கொண்டு, என்ன செய்வீர்களோ செய்யுங்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: “இப்போ யாராவது போறாங்களா?”

“பேச்சி. ஏழு மாசம், தலைச்சன். ரத்தம் கம்மி. நாளைக்குப் புளியங்குடிக்குப் போறா.”

அவர் தொலைபேசியை இழுத்து, அங்குள்ள சுகாதார நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தார். மூன்று முறை மணியடித்து ஓய்ந்தது. நான்காம் முறை ஒரு பெண் எடுத்தாள். நீலகண்டன் ரிசீவரைக் கற்பகத்திடம் கொடுத்தார்.

“அக்கா, நான் கொச்சியில ஆஷாவா இருக்கேன்,” என்றாள் கற்பகம். “எங்க பொண்ணு ஒருத்தி உங்க ஊருக்கு வர்றா. பேரை எழுதிக்கிறீங்களா?”