ஏன் போகிறாய் என்று கேட்காதவர்கள்

திருச்சி நிலையத்தில் ஊர்தி ஏறுமுன் எல்லோரும் செய்வதைத்தான் சாருலதாவும் செய்தாள். மணிக்கட்டில் நிதானப் பட்டையைக் கட்டிக்கொண்டு காத்திருப்புக் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். பட்டை சிவப்பாக ஒளிர்ந்தால் ஏற விடமாட்டார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி கடலைமிட்டாயைச் சப்பியபடியே பச்சைக்கு வந்துவிட்டாள். சாருலதாவுக்கு மஞ்சள்தான் வந்தது. மஞ்சள் போதும்.

நாகர்கோவில் ஊர்தி ஒற்றைப் பெட்டி. ஓட்டுநர் கிடையாது. பத்துப் பேர் உட்காரலாம். கதவுக்கு மேலே, ‘பயணம் பொறுமையைக் கற்றுத் தரும்’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் ஒருவருக்கொருவர் புன்னகைத்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். யாரும் யாரையும் எதற்காகப் போகிறாய் என்று கேட்கவில்லை. அது அநாகரிகம் என்று பள்ளியிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள்.

மணப்பாறை வரை ஊர்தி நன்றாகத்தான் ஓடியது. அப்போது சாருலதாவின் காதுபேசியில் அவள் நாத்தனார் பகவதியின் குரல் கேட்டது.

“அண்ணி, அண்ணனை சாயங்காலம் ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்களாம். முதுகுல அடி பலம். பிழைச்சா உண்டுங்காங்க. அதுக்கு முன்னால உங்களப் பாக்கணும்னு அதையே சொல்லிட்டுக் கிடக்கான்.”

அவள் கணவன் நீலகண்டன் காலையில் காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்திருந்தான். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சாருலதாவின் பட்டை சிவந்தது. ஊர்தியின் வேகம் தளர்ந்தது.

அதுதான் சட்டம். அவசரத்தால் சாலையெல்லாம் பிணமாகக் கிடந்த காலத்துக்குப் பிறகு வந்த நிதானச் சட்டம். உள்ளே இருப்பவர்களில் யார் மிகவும் பதறுகிறாரோ, அவருடைய மனதைப் பார்த்துத்தான் ஊர்தி வேகம் எடுக்கும்; எல்லோருமே பதறினால் நின்றுவிடும். சீக்கிரம் போக வேண்டும் என்று துடிப்பவரால் மட்டும் சீக்கிரம் போக முடியாது.

வெளியே ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“யாரும்மா அது?” முன் இருக்கையில் இருந்த ராமபத்ரன் திரும்பினார். பட்டு வேட்டி கட்டிய பெரிய மனிதர். “சின்னப் பிள்ளைங்ககூட ஒழுங்கா வருது. முதல் தடவையா ஊர்தி ஏறுறியா?”

அப்போதுதான் சாருலதா அந்தத் தவறைச் செய்தாள். காரணத்தைச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பெட்டியே கலங்கிப்போனது. மாணவி கண்ணைத் துடைத்தாள். “ஐயோ பாவமே” என்றார் ராமபத்ரனே. ஒவ்வொரு பட்டையாக மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. ஊர்தி ஒரு சோளக்காட்டின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

இரக்கமும் ஒரு பதற்றம்தான் என்று கருவிக்குத் தெரியும்.

நிற்க நிற்க, பெட்டிக்குள் இரக்கம் வற்றியது. முதலில் வெளியே பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

“சொல்லாம இருந்திருக்கலாம்ல?” என்றார் ராமபத்ரன். “உன் பாரத்தை எங்க தலையில ஏத்திட்டே. எம் பேத்திக்கு இன்னிக்குப் பாட்டுக் கச்சேரி.”

“சார், அவங்களைத் திண்டுக்கல்ல இறக்கிவிட்டுடலாமா?” என்றாள் மாணவி மெதுவாக. “அடுத்த ஊர்தில ரெஸ்ட் எடுத்துட்டு வரட்டும். அவங்களுக்கும் அதானே நல்லது?”

மற்றவர்களில் பெரும்பாலோர் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், பதறுகிறவரை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடலாம். அடுத்த ஊர்தி மறுநாள்தான். ஒவ்வொருவராக அழுத்தினார்கள். முடிவு ஆகிவிட்டது என்ற நிம்மதியில் அவர்களுடைய பட்டைகள் பச்சையாயின; ஊர்தி திண்டுக்கல்லை நோக்கி மெல்ல ஊரத் தொடங்கியது.

சாருலதாவின் பக்கத்து இருக்கையில் இருந்த எஸ்தர் மட்டும் அழுத்தவில்லை.

“இஞ்ச பாரு மக்ளே,” என்று அவள் சாருலதாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “நீ போவணுமா வேண்டாமா?”

“போகணும்க்கா.”

“அப்ப அழாத. அழுதா இறக்கி விட்டுருவாவ. எனக்க அம்மை சாவக் கெடக்கும்போ நானும் இப்படித்தான் வந்தேன். அது எனக்க அம்மை இல்ல, வேற எவளுக்கோ அம்மைன்னு நெனச்சேன். சும்மா இல்ல, நெசமாவே நெனைக்கணும், கேட்டியா? வண்டி பறந்துச்சு.”

“அப்புறம் என்னக்கா ஆச்சு?”

“போய்ச் சேந்தேன்,” என்றாள் எஸ்தர்.

சாருலதா கண்ணை மூடினாள். நீலகண்டனை முழுசாகத் தூக்கி எறிய முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க முடிந்தது. மழை நாட்களில் அவளுடைய குளிர்ந்த பாதங்களைத் தன் பாதங்களுக்கு நடுவே வைத்துக்கொள்வான். அது யாரோ ஒருத்தியின் பாதம் என்று சொல்லிக்கொண்டாள். வேலைக்குக் கிளம்பியவன் பாதி மாடிப்படி இறங்கி, மறந்ததுபோல் திரும்பி வந்து அவள் கன்னத்தில் முத்தமிடுவான். அது பக்கத்து வீட்டில் நடந்தது. ‘சாரு’ என்று இழுத்துக் கூப்பிடும் குரலைப் பிரிக்கத்தான் நெடுநேரம் பிடித்தது. அது போனதும் ஏதோ ஓர் இழை அறுந்ததுபோல் இருந்தது. வலிக்கவில்லை.

ஊர்தி வேகம் பிடித்தது. திண்டுக்கல்லில் கதவு திறந்தபோது அவளுடைய பட்டை பச்சையாக இருந்தது. பச்சையில் இருப்பவரை இறக்க முடியாது.

அதன் பிறகு ஊர்தி பறந்தது. மதுரையும் கோவில்பட்டியும் வந்த வேகத்தில் பின்னால் போயின. பெட்டியில் சிரிப்பு வந்தது. மாணவி கடலைமிட்டாய் தந்தாள். சாருலதா வாங்கித் தின்றாள். நன்றாக இருந்தது.

“இப்படித்தாம்மா இருக்கணும். நல்ல பொண்ணு,” என்றார் ராமபத்ரன்.

எஸ்தர் மட்டும் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

வெயில் தாழுமுன்பே மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். அறுவை அறையின் வாசலில் கட்டிலைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். பகவதி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “வந்துட்டீங்களா அண்ணி! அண்ணே, அண்ணி வந்தாச்சு!”

நீலகண்டன் கஷ்டப்பட்டு முகத்தைத் திருப்பினான். உதடு வெடித்திருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன.

“ஓடி வந்தியா?”

“இல்லீங்க. நடந்துதான் வந்தேன்.”

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். சூடாக, கனமாக, ஒரு மனிதனின் கை. வேறொன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று காத்திருந்தாள். காத்திருப்பது எளிதாக இருந்தது.

“பயமா இருக்கு,” என்றான் அவன்.

“பதறாதீங்க. எல்லாம் சரியாயிடும்,” என்றாள் சாருலதா. பெட்டியில் பக்கத்தில் இருப்பவரிடம் மழையைப் பற்றிச் சொல்லும் குரலில் சொன்னாள். அது தன் காதிலேயே விழுந்தது. திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தாள். எப்படி என்று தெரியவில்லை.

நீலகண்டன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நெற்றியிலிருந்து தாடை வரை, எதையோ தேடுகிறவன்போல. பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுத் தங்கை பக்கம் திரும்பினான்.

“பகவதி, சாரு வர்ற வரைக்கும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு.”

பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊழியர்கள் கட்டிலைத் தள்ளினார்கள். சாருலதா வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.