நோன்பு திறந்த தண்ணீர்

“உனக்கு இன்னா வேணும், கேளு சாரா.”

“ஒண்ணு இருக்கு. அப்புறம் கேக்கறேன்.”

“இப்பவே கேட்டா குறைஞ்சா போயிடுவே?”

“கேட்டு, நீங்க முடியாதுன்னுட்டா?”

கல்யாணமான புதிதில், வேலூர்க் கோட்டை அகழியோரம் நடந்தபடி ஜெயகரனும் சாராவும் பேசியது இது. இருவரும் கட்டடக் கலை படித்தவர்கள். லாங் பஜாருக்குப் பின்னால் அலுவலகம் திறந்தார்கள். பலகையில் அவன் பெயர் மட்டும் ஏறியது. அவள் வரைந்தாள், அவன் கையெழுத்துப் போட்டான். ஒன்பது வருடம் ஓடியும் அவள் கேட்கவில்லை.

ஆம்பூர். ஜூன் 1983. மாலை 6.40.

தோல் தொழிற்சாலை முதலாளி முக்தார் அகமது தன் தொழிலாளர்களுக்கு நாற்பது வீடுகள் கட்ட நினைத்தார். சாரா மாதிரிக்கு ஒன்று கட்டிக் காட்டினாள். சுண்ணாம்புச் சாந்து, காற்று புகும் சுவர், மழைநீர்த் தொட்டி. தோல் கழிவு இறங்கிக் கிணறெல்லாம் உப்பாகிப்போன இடத்தில் அந்தத் தொட்டிதான் வீட்டுக்கு உயிர். கோடை மழையில் அது நிரம்பியிருந்தது.

“இந்தத் தண்ணிலதான் நோன்பு திறப்பேன். நல்லா இருந்தா நாப்பதும் உங்க மாதிரியே கட்டலாம்” என்று சொல்லியிருந்தார் முக்தார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவருடைய கணக்கர் மஹபூப் பாஷா தொட்டியில் மொண்டு வைத்திருந்த குடத்திலிருந்து ஊற்றி அவருக்குக் கொடுத்து, தானும் அண்ணாந்து குடித்தார். பேரீச்சம்பழத்தை மென்ற முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். பாஷாவுக்குப் புரையேறியது.

“உப்பு!”

“தரையிலேர்ந்து உப்புத்தண்ணி சுண்ணாம்புல கசிஞ்சிருக்கு பாய். காங்கிரீட் போடலாம்னு அப்பவே சொன்னேனே” என்றான் ஜெயகரன். உடனே ஆட்களிடம் திரும்பினான். “காலைல மொத்தத்தையும் இறைச்சு வுட்டுடுங்க.”

சாரா தம்ளரை வாங்கி நாக்கில் வைத்தாள். உப்புத்தான். அவமானத்தில் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, தன் சாமான்களை எடுக்க அங்கே போனாள். சித்தாள் ஆரோக்கியமேரி வாசலில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கட்டு எடுத்துக்கினு போம்மா.”

“இங்க கீரை வருதா?”

“கிணத்துத் தண்ணி ஊத்துனா கருகிடும். அன்னிக்கு இறைச்ச தொட்டித் தண்ணி அந்தக் குழில நிக்குது. அதத்தான் ஊத்துறேன். எப்டி ஜம்முனு கீது பாரு!”

சாரா கீரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாஷாவைத் தேடிப் போனாள்.

“குடத்தை யார் ரொப்புனது?”

“ஜெயகரன் சார்தான். ‘நோன்புல இருக்கீங்க பாய், நான் மொண்டு தர்றேன்’னாரு. நல்ல மனுஷன்.”

“அப்புறம்?”

“என் கைலதான் இருந்திச்சு. இன்னா மேடம், எம்மேலயே டவுட்டா?”

“நீங்க எவ்ளோ குடிச்சீங்க?”

“முழு தம்ளர். பகல் பூரா தொண்டை காஞ்சிருந்திச்சு. உள்ள போனப்புறம்தான் உப்பே தெரிஞ்சுது.”

அன்று மாலை அலுவலகத்தில், ஜெயகரனின் மேசைமேல் கீரைக்கட்டை வைத்தாள்.

“இன்னா இது?”

“தொட்டித் தண்ணில வளந்தது. தொட்டி உப்பா இருந்தா இது செத்திருக்கும். உப்பு குடத்துல மட்டும்தான். அதைத் தொட்டது ரெண்டே பேரு. பாஷா பாய் நாளெல்லாம் பட்டினி கெடந்து அதுலயே நோன்பு திறந்தாரு. தெரிஞ்சிருந்தா குடிப்பாரா?”

“அதனால?”

“கிணத்துத் தண்ணி மாதிரியே அளவா உப்பு. நாக்குல வெச்சுப் பாக்காம அப்படிக் கலக்க முடியாது. நோன்புக்காரர் பாக்க மாட்டாரு. இன்னொண்ணு, நான் அன்னிக்கே கவனிச்சிருக்கணும். நீங்க ஒரு வாய்கூட குடிக்கல. குடிக்காமலே கசிவுன்னு சொல்லிட்டீங்க.”

ஜெயகரன் பென்சிலைக் கீழே வைத்தான்.

“நாப்பதும் ‘சாரா வீடு’ன்னு இப்பவே ஆம்பூர் பேசுது. அப்புறம் போர்டுல எம்பேரு எதுக்கு?” குரல் இறங்கியது. “காங்கிரீட்டுக்கு முக்தார் பாய் சரின்னுட்டாரு. தொட்டி காலி. ஒரு கட்டு கீரையக் காட்டி யாரை நம்ப வைப்பே?”

அவள் அலமாரியிலிருந்து தொட்டியின் வரைபடத்தை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். மூலையில் அவன் கையெழுத்து.

“அன்னிக்கு அகழியோரம் அப்புறம் கேக்கறேன்னேனே. இப்பக் கேக்கறேன். உப்புத் தொட்டின்னு ஊரு சிரிச்சாலும் பரவாயில்ல. இதுல உங்க பேரை அடிச்சிட்டு, என் பேரை எழுதிக் குடுங்க.”