பத்தொன்பதாவது அழுத்தல்

பொத்தானின் ஒயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இருந்தும் திரையில் 'விழிப்பு: 1' என்று வந்து நின்றது.

ஜலஜா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஒன்றுதான். ஹர்த்தால் என்றால் திருவனந்தபுரத்தில் ஈ காக்கைகூட லீவு போட்டுவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அலுவலக மாடியில் அவளும் கூட வேலை பார்க்கும் ரதீஷும் மட்டும்தான், ஏசி இல்லாத புழுக்கத்தில் சூடான ஈயத்தின் வாடையும், மின்விசிறியின் முனகலும், அவன் நேந்திரங்காய் சிப்ஸ் கடிக்கும் சத்தமும்.

"என்ன சேச்சி, தூங்க வெச்ச பிள்ளை எழுந்துடுச்சா?"

"யாரும் எழுப்பாமலே எழுந்துக்குதுடா. ஒயரே இல்ல."

"அப்போ பேய்தான். ஹர்த்தால்ல அதுக்கு மட்டும் டியூட்டி." சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

மேஜையில் கிடந்தது மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த கருவி. நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் அறையில் மணி அடிக்க வேண்டும். வேலையில்லாதபோது பிராசஸர் தூங்கும், அழுத்தினால் எழும். அதைத் தூங்கவைத்து எழுப்பும் கெர்னல் நிரலின் வரிகள் ஜலஜா எழுதியவை. 'வேலை உண்டா' என்று பார்ப்பதற்கும் தூங்கப் போவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் இடைவெளி விட்டிருந்தாள். பன்னிரண்டாம் படுக்கைக் கிழவரின் முதல் அழுத்தல் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது. ஓர் அழைப்பைக் கவனித்து முடிக்கும்வரை அடுத்ததை வாங்காதே என்றும் அவளேதான் எழுதியிருந்தாள். முதல் அழைப்பைக் கவனிக்காமலே பிராசஸர் தூங்கிவிட்டது, அதனால் பிறகு வந்த எதையும் வாங்கவில்லை. பத்தொன்பது தடவை அழுத்தினார் என்று, தொண்டையில் குழாயோடு கிடந்த பக்கத்துப் படுக்கைக்காரர் பிறகு எழுதிக் காட்டினார்.

கிழவர் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. விரல் நுனிகள் மரத்தே கிடந்தன. இன்று அந்த இடைவெளியை அடைத்துவிட்டாள். அழைப்புக்குக் காதைத் திறப்பதும் தூங்குவதும் இனி ஒரே அடியில் நடக்கும். நாளைக் காலைக்குள் திருத்தம் போகாவிட்டால் இன்னும் நானூறு படுக்கைகளுக்கு இதே கதிதான்.

விழிப்பு: 2.

விழிப்பு: 3. நிதானமாக வந்தது. பிறகு அவசரமாக. ஒன்பது, பத்து, பதினொன்று. பிறகு மறுபடி மெதுவாக, கை ஓய்ந்தவர் அழுத்துவதுபோல.

பதினெட்டு.

மேஜையில் ஒயரில்லாமல் கிடந்த பொத்தான், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே அமுங்கியது.

பத்தொன்பது.

மேலே வரவில்லை.

இத்தனை நாள் வராத பயம் அப்போது வந்தது. எழுந்து ஓட நினைத்தாள். கால் வரவில்லை. மரப்பு முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்துக்கு வந்திருந்தது. ரதீஷ் என்று கூப்பிடப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

வலது ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. பொத்தான் அதன் அடியில்தான் இருந்தது. சில்லென்று.

இப்போது மேலே வந்தது.

அழுத்தினாள். விழிப்பு: 20.

அழுத்தினாள். 21.

பத்தடி தூரத்தில் ரதீஷ் முதுகைக் காட்டியபடி இன்னொரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

22.