துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்கவும்

மழை என்றால் மழை, அப்படியொரு மழை! காரை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவள் தொப்பலாக நனைந்துவிட்டாள். லிஃப்டுக்காகக் காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, படியிலேயே தடதடவென்று ஏறினாள். மேல்மாடியில் கடைசி அறை. கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'மார்பகப் புற்றுநோய் தோழமை வட்டம். துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்கவும்.'

திரும்பிப் போய்விடலாமா...

போகலாம்தான். ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெயரே 'பிரேக் மேடம்'. மாணவர்களின் நடுக்கத்தை ஓர் அதட்டலில் நிறுத்திவிடுவாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொடுப்பவள் ஒரு கதவைத் தள்ளப் பயந்தாள் என்று தெரிந்தால் மானம் போய்விடாதா? தள்ளினாள்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். சுற்றிலும் பெண்கள். காலியாக ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரத்து நாற்காலியில் மட்டும் ஓர் ஆண்பிள்ளை! அகலமான தோள், கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை, கையில் பாதி கடித்த பிஸ்கட். சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் சௌகரியமாகச் சாய்ந்திருந்தான்.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். நம்மவளுக்குக் கோபம்தான் வரும்.

"சார், எந்திரிங்க."

அவன் நிமிர்ந்தான். அடடா... என்ன கண்கள்! மழை பெய்யும்போதே வெயிலும் அடிக்குமே, அந்த மாதிரி. சிரிக்கின்றனவா, எதையாவது மறைக்கின்றனவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னையா?"

"உங்களைத்தான். கதவுல எழுதியிருக்கறதைப் படிக்கலையா? பொம்பளைங்க மனசுவிட்டுப் பேசற இடத்துல நடுவுல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டா எப்படி?"

அவன் எழுந்தான். மீதி பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உதிர்ந்த தூளைக் கையால் தட்டிவிட்டான்.

"உக்காருங்க. நனைஞ்சிருக்கீங்க... ஃபேனுக்கு நேரா மட்டும் வேண்டாம்."

போயே போய்விட்டான். அவள் ஜெயித்த பெருமையோடு உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வட்டத்தை நடத்துகிற, எல்லாரும் 'தலைவி' என்று கூப்பிடுகிற அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! அவர் யாருக்கும் துணைக்கு வரலம்மா. அவரே பேஷண்ட்தான்."

"என்ன பேஷண்ட்?"

"நமக்கு வந்ததேதான். அபூர்வமா ஆம்பளைங்களுக்கும் வரும். போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார்."

பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. பிளக்கவில்லை. அதனால் எழுந்து வெளியே ஓடினாள்.

நடைபாதையின் கோடியில், மழையைப் பார்த்தபடி மிச்ச பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான் அவன்.

"சார்... மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. ஆனா நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல? நான் கத்தினா நீங்களும் திருப்பிக் கத்த வேண்டாமா?"

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, இல்ல மறுபடியும் சண்டை போட வந்தீங்களா?"

"ரெண்டும்தான்!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எனக்குப் பழக்கமாயிடுச்சுங்க. ஸ்கேனுக்குப் போனாலும் இது பெண்கள் பகுதி, வெளிய நில்லுங்கன்னுதான் சொல்வாங்க. விளக்கம் சொல்றதைவிட வெளிய நிக்கறது சுலபம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் அவளுக்கு என்னவோ செய்தது. அந்த நிமிஷம் வரை யாரிடமும் சொல்லாத பயத்தை, முன்பின் தெரியாத அவனிடம் போட்டு உடைத்தாள்.

"அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். ஒரு பக்கம் முழுசா எடுக்கணுமாம். உயிர் பொழைச்சாப் போதும்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, பொழைச்சப்புறம்? கையைத் தூக்க முடியுமா, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியுமா... ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"முடியும்."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதீங்க."

"இப்படி வாங்க."

சுவருக்கு எதிரே நின்று வலது கை விரல்களை இடுப்புயரத்தில் வைத்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடியும் ஆள்காட்டி விரல்... இரண்டு விரல்களும் சுவரில் மெல்ல மெல்ல ஏறின. "டாக்டர் எப்ப சொல்றாரோ அப்ப ஆரம்பிக்கணும். முதல்ல தோள் வரைக்கும்கூட வராது, அழுகையா வரும். தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். இப்ப பாருங்க..." அவன் கை தலைக்கு மேல் முழு நீளத்துக்கு நீண்டிருந்தது.

அவளும் பக்கத்தில் நின்று விரல்களை ஏற்றினாள். ஏறி ஏறி... இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நின்றன. நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. வெளியே மழை கொட்டியது; உள்ளே அவள் நெஞ்சு கொட்டியது. சட்டென்று இருவரும் ஒரே சமயத்தில் கையை இறக்கிவிட்டார்கள்.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷனை முடித்தவர் ஒருவர், செய்துகொள்ளப் போகிறவர் ஒருவருக்குக் கைத்துணை. சந்தேகமெல்லாம் கேட்கலாம். ஆபரேஷன் அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை கைத்துணை கூடவே நடந்து வர வேண்டும். உள்ளே திரும்பி வந்ததும் அவள் கூச்சப்படாமல் கையைத் தூக்கினாள்.

"அக்கா, எனக்கு இவர்தான் வேணும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவளுக்கே உறைத்தது. அறை முழுக்கச் சிரிப்பு. அவன் காது மடல்கள் சிவந்துபோயின.

அந்த ஒரு வாரம் இறக்கை கட்டிப் பறந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருத்தி இப்படியா சந்தோஷமாக இருப்பாள் என்று கேட்டால், இருந்தாளே! முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளை இரண்டு பேரும் கடை கடையாகத் தேடினார்கள். பக்கவாட்டில் ரத்தநீர் வடிய ஒரு குழாய் வைப்பார்கள், அந்தக் குப்பியை எங்கே மாட்டிக்கொள்வது, காரில் பெல்ட் அழுத்தாமல் தலையணையை எப்படி வைப்பது என்று அவன் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தான். பதிலுக்கு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க... மெதுவா... ஐயோ, பிரேக்!"

"தண்ணியில மிதக்கறது இதைவிட ஈசிங்க."

அப்போதுதான் தெரிந்தது, அவன் நீச்சல் மாஸ்டர் என்று.

"எந்தக் குளம், மார்க்கெட்டுக்குப் பின்னாடியா? எங்க அண்ணன் அங்கதான் கத்துக்கறார்! முதுகுவலிக்கு நீந்தச் சொன்னாராம் டாக்டர்."

"யாரு... ஓரத்துக் கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டாரே, அவரா?"

"அவரேதான்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டி நின்றே போனது. சிரித்து ஓய்ந்ததும் அவள் மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"எடுத்தப்புறம்... கண்ணாடியில பாத்தீங்களா?"

"இல்ல. குளியலறைக் கண்ணாடி மேல துண்டைப் போட்டு மூடி வெச்சேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"ஒருநாள் தலை துவட்ட வேற துண்டு இல்ல."

அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவன் முகம் மட்டும் வாடிவிட்டது.

"அண்ணன்கிட்ட என்னைப் பத்திச் சொல்லிடாதீங்க. குளத்துல எல்லாருக்கும் தோள்ல அடின்னுதான் சொல்லியிருக்கேன். சட்டையோட கரையில நின்னே சொல்லிக்கொடுத்துட்டிருக்கேன்."

"தண்ணியில இறங்கறதே இல்லையா?"

"சட்டையைக் கழட்டணுமே..."

நீச்சல்காரனுக்கு இதைவிட என்ன தண்டனை? அவள் மேலே கேட்கவில்லை. அண்ணனிடமும் வாய் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை. வார்டு கட்டிலில் தலையை வாரிக்கொண்டு, நூறு தடவை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்றிருந்தான். காலடிச் சத்தம் கேட்டது. வாசலில் அவன்! கையில் அவளுக்குப் பிடித்த நீல நிறத்தில் பட்டன் சட்டை. அவள் எழுவதற்குள் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு அண்ணன் எதிரே வந்துவிட்டார்.

"மாஸ்டர்! நீங்க எங்க இங்க?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணனைப் பார்த்தான், உள்ளே அவளைப் பார்த்தான். கையிலிருந்த நீலச் சட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பாக்க வந்தேன் சார்... ரூம் மாறி வந்துட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"என்னை மன்னிச்சிடுங்க... எப்படிப் பழக்கம்னு அண்ணன் கேட்டா எல்லாத்தையும் சொல்லணுமேன்னு..."

"சொல்லியிருந்தா என்ன? ரூம் மாறி வந்துட்டாராம்! உங்களுக்கு இருந்ததுதான் மாஸ்டர் எனக்கும் இருக்கு. அதைச் சொல்ல உங்களுக்கு அவமானம்னா, நாளைக்கு நான் வெளிய வந்தப்புறம் என்னைப் பாக்கறதும் உங்களுக்கு அவமானமாத்தான் இருக்கும்."

"ஐயோ, உன்னைப் போய் அப்படி..."

"நாளைக்கு வராதீங்க. நான் தனியாவே போய்க்கறேன்."

'உன்னை' என்றானே... முதல் தடவையாக. போனை வைத்த பிறகுதான் அது காதில் விழுந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சே, ஒரு வாரப் பழக்கத்தில் இவ்வளவு எதிர்பார்த்தது யாருடைய தப்பு? அவன் பேச்சைக் கேட்டு, எதை இழந்தாலும் நான் நான்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தாள். சொன்னவனே அதை நம்பவில்லையே... அந்த நம்பிக்கை இல்லாமல் எப்படி உள்ளே போவது?

காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அழைத்துப் போனார்கள். ஒரு பக்கம் அண்ணன், மறு பக்கம் அண்ணி. சொந்தக்காரர்களிடம் 'சின்னக் கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்த அண்ணன், அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பயப்படாத பாப்பா. ஒண்ணும் ஆகாது."

தியேட்டர் கதவு தெரிந்தது. கைத்துணை நடந்து வர வேண்டிய இடம். பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நர்ஸம்மா... ஒரே ஒரு நிமிஷம்!"

அந்தக் குரல்! கண்ணைத் திறந்தாள். நடைபாதையில் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில். மழையே இல்லையே!

"மாஸ்டர்?" அண்ணன் விழித்தார். "இன்னைக்கும் ரூம் மாறிட்டீங்களா?"

"இல்ல சார். இன்னைக்குச் சரியாத்தான் வந்திருக்கேன். எனக்குத் தோள்ல அடி எதுவும் படல. மார்புல கேன்சர். இதே கதவுக்குள்ள போய்த்தான் எடுத்துட்டு வந்தேன்."

"ஆம்பளைக்கா..?"

"ஆம்பளைக்கும் வரும் சார். வெளிய சொல்ல வெட்கப்பட்டேன். காலையில குளத்துல எல்லார் முன்னாடியும் சட்டையைக் கழட்டிட்டுக் குதிச்சேன். பாத்தாங்க. கேட்டாங்க. சொன்னேன். நேத்து நான் பாக்க வந்தது உங்க தங்கச்சியைத்தான்."

அண்ணன் அவனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் அண்ணி கெட்டிக்காரி. கணவரின் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவன் வண்டியின் அருகில் வந்து குனிந்தான். அவன்மேல் நீச்சல் குளத்துக் குளோரின் வாசனை. அதே கண்கள்... இப்போது எதையும் மறைக்கவில்லை.

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. நாற்காலியை விட்டு என்னை எழுப்பினியே, அப்பவே. என்கூட இருப்பியா?"

அவளுக்கு வீம்பு இன்னும் போகவில்லை.

"இதைச் சொல்ற நேரமா இது? வெளிய வரும்போது நான் வேற மாதிரி இருப்பேன்."

"எந்த மாதிரின்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனாலதான் இப்பவே சொல்றேன். நீ வெளிய வந்தப்புறம் சொன்னா, பரிதாபப்பட்டுச் சொன்னேன்னு நினைச்சுப்ப."

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பேசினது போதுமாம்மா? டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்."

கதவு திறந்தது. வண்டி நகர ஆரம்பித்தது. அவள் சட்டென்று எட்டி, அவனுடைய ஈரக் கையைப் பிடித்தாள். அவனும் கூடவே நடந்தான்.

"மயக்கம் தெளியறப்ப சொன்னா உளறல்னு சொல்லிடுவீங்க," என்றாள், சிரிப்பும் அழுகையுமாக. "அதனால நானும் இப்பவே சொல்லிட்டுப் போறேன்... எனக்கும் நீங்கதான் வேணும்."